காலி கேபினில் எரிந்த பச்சை விளக்கு

இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடிந்தது. மொத்தமே இருபத்தைந்து நிமிடம். இருட்டு இல்லை. மழை இல்லை. எங்கும் நாய் ஊளையிடவில்லை. வெளியே கண் கூசும் வெயில்.

யாருக்கு நடந்ததோ, அவள் இதை இதுவரை நான்கு பேரிடம்தான் சொல்லியிருக்கிறாள். நான்கு முறையும் ஒரே மாதிரி சொன்னாள். ஒரு நிமிடம்கூட முன்னே பின்னே ஆகவில்லை. ஒரு பொய் என்னவெல்லாம் செய்யும் என்று கண்ணால் பார்த்தவள் அவள். இதில் பொய் கலக்க அவளுக்குத் தைரியம் வராது.

அவளுடைய வேலை காது பரிசோதனை. இரும்பு பீப்பாய் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், வருடத்தில் ஒரு மாதம், ஒப்பந்தத்தில் போவாள். தொழிலாளர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'பீப் அக்கா'. ஓய்வு பெறப் போகிறவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

தொழிற்சாலையின் ஓரத்தில் மருத்துவ அறை. அதற்குள் ஆள் உயரத்துக்கு ஒரு கேபின். சத்தம் புகாத சுவர், கனமான கதவு, இரட்டைக் கண்ணாடி போட்ட சின்ன ஜன்னல். பரிசோதனைக்கு வருகிறவர் உள்ளே உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொள்வார். கையில் ஒரு பொத்தான். அவள் வெளியே மெஷின் முன்னால் இருந்து ஒவ்வொரு சத்தமாக அனுப்புவாள். தடித்த சத்தம், மெல்லிய சத்தம் என்று ஒவ்வொரு காதுக்கும் எட்டு. காதில் விழுந்தால் அவர் பொத்தானை அழுத்துவார். மெஷினில் பச்சை விளக்கு எரியும். எந்த அளவில் எரிந்தது என்று அவள் முதலில் ஒரு நோட்டில் பென்சிலால் எழுதுவாள். பிறகு அதைப் பார்த்து அவரவர் அட்டையில் பேனாவால் கோடு வரைவாள்.

பென்சில் நோட்டு அவளுக்கு. பேனா அட்டை நிர்வாகத்துக்கு.

இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று வருடமாக, சிலருக்கு, ஒன்றாக இல்லை.

முதல் வருடம் மேனேஜர்தான் கேட்டார். "இத்தனை பேருக்குக் காது போச்சுன்னு எழுதுனா மொத்த செக்‌ஷனையும் மூடச் சொல்லுவாங்கம்மா. இந்த ஒரு தடவை நார்மல்னு போடு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்." அவள் போட்டாள். இரண்டாம் வருடம் அவர் கேட்கவில்லை, முகத்தை மட்டும் பார்த்தார். மூன்றாம் வருடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளாகவே போட்டாள். பத்தொன்பது பேருக்கு.

அந்தப் பத்தொன்பதில் ஒருவர் மைக்செட் அண்ணன்.

பீப்பாயின் விளிம்பைச் சம்மட்டி இயந்திரத்தில் அடித்து மடக்குகிற வேலை அவருக்கு. இருபத்திரண்டு வருடம். பக்கத்தில் நிற்பவரிடம் பேசினாலே வாசல் காவலாளிக்குக் கேட்கும். அதனால்தான் அந்தப் பெயர். "அண்ணே, வால்யூமைக் குறைங்க" என்று எல்லோரும் சிரிப்பார்கள். பீப் அக்காவும் சிரித்திருக்கிறாள். தன் குரலே தன் காதில் சரியாக விழாதவர் அப்படித்தான் கத்துவார் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். தெரிந்தும் சிரித்தாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும். உள்காதில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் உண்டு. புல்லை மிதித்தால் படுத்துவிட்டு மறுபடி எழுந்து நிற்கிற மாதிரி, ஒருநாள் சத்தத்தில் அவை துவண்டாலும் ஓய்வு கொடுத்தால் ஓரளவு எழும். தினமும் எட்டு மணி நேரம் மிதித்தால்? எழாது. திரும்ப முளைக்கவும் செய்யாது. முதலில் சாவது மெல்லிய, கூர்மையான சத்தங்களுக்கானவை. மெஷின் கணக்கில் அது நாலாயிரம் என்ற எண்ணுக்குப் பக்கத்தில். விசில், அலாரம், குழந்தையின் குரல், பேச்சில் வரும் ச, த, ப எல்லாம் அந்தப் பக்கம். பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்பது புரியாது. விட்டுப்போன எழுத்துகளை மூளை ஊகித்து ஊகித்து நிரப்பும். சாயங்காலத்துக்குள் களைத்துவிடும். சொன்னது நினைவில் நிற்காது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வரும். காதிலிருந்து வர வேண்டிய சத்தம் வராமல் போக, மூளை தானே ஒரு சத்தத்தைப் போட்டுக்கொள்ளும். ஊய்... என்று. ராத்திரி பகலாக.

போன வருடம் மைக்செட் அண்ணன் கேபினில் உட்கார்ந்தபோது மணி ஐந்தாக இருபது நிமிடம். நாலாயிரத்தில் அவள் ஒலி அளவை நாற்பதில் வைத்தாள். விளக்கு எரியவில்லை. ஐம்பது. இல்லை. அறுபது. இல்லை. எழுபதில்தான் எரிந்தது. அவர் எப்போதும் இரண்டு தடவை அழுத்துவார், டக் டக் என்று. ஒரு தடவை போதும் என்றால், "ஒண்ணு உனக்குத் தெரியாம போயிட்டா?" என்பார்.

வெளியே வந்தார். "என்னம்மா, பாஸா?"

உண்மையைச் சொன்னால் இன்னொரு முறை சோதிக்க வேண்டும், கடிதம் எழுத வேண்டும், மேனேஜரைப் பார்க்க வேண்டும். ஐந்து மணி வண்டி போய்விடும்.

"எல்லாம் சரியா இருக்குண்ணே."

"அப்ப ராத்திரில ஊய்னு கேக்குதே, அது என்ன?"

"வயசாகுதுல்ல."

அவர் பெரிய பாரம் இறங்கியதுபோலச் சிரித்தார். "நீ சொன்னா சரி."

அவள் ஐந்து மணி வண்டியைப் பிடித்துவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் பின்பக்கமாக வந்தது. பின்னால் வரும்போது பீப்... பீப்... என்று அலறும். கூர்மையான சத்தம். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் விலகிக்கொண்டு கத்தினார்கள். மைக்செட் அண்ணன் திரும்பவே இல்லை.

வண்டியை ஓட்டியவரை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார்கள். விசாரணையில் அட்டையை எடுத்துப் பார்த்தார்கள். செவித்திறன் இயல்பு. அலாரம் வேலை செய்தது, காதும் நன்றாக இருந்தது, பிறகு யார் தவறு? 'இறந்தவரின் கவனக்குறைவு' என்று எழுதி முடித்தார்கள்.

செய்தி கேட்ட நாளிலிருந்து பீப் அக்காவுக்கு வீட்டின் அமைதியைத் தாங்க முடியவில்லை. டிவியை அணைக்க விடமாட்டாள். தெருவில் ஏதாவது வண்டி பின்னால் வந்தால் அப்படியே நின்றுவிடுவாள். "என்ன ஆச்சு உனக்கு?" என்று கணவர் கேட்டார். அவள் சொல்லவில்லை.

அடுத்த வருட ஒப்பந்தம் வந்தது. வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். ஏன் என்று கேட்பார்களே... போனாள்.

புதன்கிழமை பரிசோதனை தொடக்கம். அதற்கு முந்தின நாள் செவ்வாய், மெஷினைச் சரிபார்க்கும் வேலை. மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. ஷிப்ட் மாறும் நேரம். மூன்றரை வரை இயந்திரங்கள் நிற்கும். அந்த அரை மணி நேரம்தான் அங்கே அமைதி. நர்ஸ் டீ குடிக்கப் போயிருந்தார். அறையில் அவள் மட்டும்.

பொத்தானையும் ஹெட்போனையும் கேபினுக்குள் கொக்கியில் மாட்டினாள். கதவைச் சாத்தினாள். மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். வழக்கம்போல நோட்டில் நேரம் எழுதினாள். 3.05.

வலது பக்கம். ஆயிரம். அளவு முப்பது. அனுப்பினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

ஒயர் எங்கோ தொடுகிறது என்று நினைத்தாள். ஒரு வருடமாகச் சும்மா கிடந்த மெஷின். சத்தம் எதுவும் அனுப்பாமல் ஒரு நிமிடம் முழுக்கக் காத்திருந்தாள். விளக்கு எரியவில்லை. மறுபடி அனுப்பினாள்.

எரிந்தது.

அளவைக் குறைத்தாள். இருபது. எரிந்தது. பதினைந்து. எரிந்தது. பத்து.

எரியவில்லை.

பதினைந்து. எரிந்தது. பத்து. இல்லை.

அவள் கை நின்றுவிட்டது. ஒயர் பழுது என்றால் சத்தம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? அதற்கு எப்படித் தெரியும்? பதினைந்தில் கேட்கிறது, பத்தில் கேட்கவில்லை என்று சொல்ல ஒரு காது வேண்டும்...

எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காலி நாற்காலி. பொத்தான் கொக்கியில் தொங்கியது. அசையவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே கையை மட்டும் நீட்டி ஒரு சத்தம் அனுப்பினாள்.

பொத்தான் அசையவே இல்லை.

மெஷின் பக்கம் திரும்பினாள். விளக்கு எரிந்து அணைந்தது. உடனே இன்னொரு முறை எரிந்து அணைந்தது.

டக். டக்.

அவள் அங்கே சோதித்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்தான் அப்படி அழுத்துவார்.

ஓடிப்போயிருக்கலாம். கதவு ஆறடி தூரத்தில்தான் இருந்தது. ஏன் ஓடவில்லை என்று பிறகு கேட்டபோது அவள் சொன்னது இதுதான்: "போன தடவை உண்மையைச் சொல்லாம பாதியில விட்டுட்டுப் போயிட்டேன். இந்தத் தடவை முடிக்கணும்னு தோணுச்சு."

முடித்தாள். வலது காது, இடது காது. ஐநூறு. இரண்டாயிரம். மூவாயிரம். ஒவ்வொன்றாக. எண்களை எழுதினாள்.

நாலாயிரம். நாற்பது வைத்தாள். இல்லை.

ஐம்பது. இல்லை.

அறுபது... இல்லை.

எழுபது.

கொஞ்சம் தாமதமாக... டக். டக்.

மணி 3.17.

உள்ளே இருப்பவரோடு பேச மெஷினில் ஒரு மைக் உண்டு. அவள் அதை அழுத்தினாள்.

"அண்ணே..."

விளக்கு இரண்டு முறை மின்னியது.

"சரியா இருக்குன்னு நான் பொய் சொன்னேன்."

விளக்கு எரியவில்லை.

"தெரிஞ்சேதான் சொன்னேன். வீட்டுக்குப் போக நேரமாச்சுன்னு..."

எரியவில்லை. அவள் அழுதாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. சுவர்க் கடிகாரம் மட்டும். 3.18. 3.19.

3.20.

விளக்கு எரிந்தது. ஒரே ஒரு முறை. அணையாமல் நீளமாக எரிந்தது. பிறகு அணைந்தது.

இது அவர் கை இல்லை.

வேறு கை.

அவள் ஒன்றும் அனுப்பவில்லை. அது காத்திருப்பதுபோல இருந்தது. ஆயிரம் அனுப்பினாள். ஒரு நீள அழுத்தம். இரண்டாயிரம். ஒரு நீள அழுத்தம். நோட்டில் அடுத்த வரியில் நேரத்தை எழுதி, எண்களை எழுதினாள். மூவாயிரத்தில் எழுபது. நாலாயிரத்தில் எண்பத்தைந்து. மைக்செட் அண்ணனைவிட மோசம். யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பதினாறாவது எண்ணை எழுதியபோது மணி 3.28. நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

ஹெட்போன் கொக்கியில்தான் தொங்கியது. அதன் இரண்டு மெத்தைகளும் எப்போதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த அளவுக்கு ஸ்பிரிங் இறுக்கம்.

இப்போது விலகியிருந்தன.

நடுவில் ஒரு தலை அளவு இடம்.

உள்ளே இருப்பவர் பேசுவதைக் கேட்கிற ஒலிபெருக்கியில் மெல்ல ஒரு சத்தம். மூச்சு.

ஸ்ஸ்... ஹா.

அது முடிவதற்குள் இன்னொன்று.

ஸ்ஸ்... ஹா.

இரண்டு பேர்.

எப்படி எழுந்தாள், எப்படிக் கதவைத் திறந்தாள், தெரியாது.

யாரும் இல்லை.

ஹெட்போனைத் தொட்டாள். மெத்தைகள் மறுபடி ஒட்டியிருந்தன.

மெத்தை சூடாக...

ஈரமாக...

சங்கு ஊதியது. மூன்றரை. இருபத்தாறு சம்மட்டிகளும் ஒன்றாக இறங்கின.

டீ குடித்துவிட்டு வந்த நர்ஸ், அவள் கேபின் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். காதைப் பொத்திக்கொள்ளவில்லை. வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி கணவரிடம் சொன்னாள், முதல் முறையாக எல்லாவற்றையும். அவர்தான் மறுநாள் காது டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"மனசுல குற்ற உணர்ச்சி. சத்தமே இல்லாத இடம். மூளை சும்மா இருக்காதும்மா, இல்லாத சத்தத்தை உண்டாக்கிடும்."

"சத்தம் கேட்டுச்சுன்னு நான் வரல டாக்டர். விளக்குதான் எரிஞ்சுது."

"அவரோட பழைய நம்பர் உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். கை தானா எழுதியிருக்கும்."

"இன்னொருத்தர் நம்பர்?"

டாக்டர் மணியை அழுத்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வியாழக்கிழமை காலை மைக்செட் அண்ணனின் மனைவியைப் பார்க்கப் போனாள். பேய் விஷயம் எதையும் சொல்லவில்லை. அட்டையைப் பற்றி மட்டும் சொன்னாள். அந்த அம்மாள் நின்றபடியே கேட்டார்.

"அப்ப அவரு அசட்டையா நிக்கலையா?"

"இல்லக்கா. அவருக்குக் கேக்கலை."

"கூப்பிட்டா திரும்ப மாட்டாரு." அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "வேணும்னே செய்றாருன்னு நெனச்சேன். மூணு வருஷம் சண்டை போட்டேன். நான் என்ன சொன்னாலும் மதிக்கிறதே இல்லன்னு... ஒருநாள் பாக்கி இல்லாம. காதை டெஸ்ட் பண்ணிட்டு வாய்யான்னு நான்தான் சொல்லி அனுப்புனேன். வந்து, காது நல்லா இருக்காம், உனக்குத்தான் வாய் சரியில்லன்னாரு. அதோட நானும் விட்டுட்டேன்."

பீப் அக்கா காலில் விழப் போனாள். அந்த அம்மாள் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"எந்திரி. நான் மன்னிச்சு என்ன ஆகப்போகுது? எழுதுன எடத்துல போய்ச் சொல்லு." கதவைப் பிடித்துக்கொண்டார். "போ."

போயிட்டு வா என்று சொல்லவில்லை. போ என்றுதான் சொன்னார்.

அன்று மதியமே தொழிலாளர் துறை அதிகாரியிடம் பென்சில் நோட்டையும் எழுதிய வாக்குமூலத்தையும் கொடுத்தாள். அவளுடைய தொழில் உரிமம் போனது. வழக்கும் வந்தது, மேனேஜர் மேலும் அவள் மேலும். மற்ற எல்லோரையும் வேறு ஒருவர் மறுபடி சோதித்தார். காது கெட்டவர்களைச் சம்மட்டிப் பக்கத்திலிருந்து மாற்றினார்கள். மைக்செட் அண்ணனின் கோப்பில் 'கவனக்குறைவு' என்ற வார்த்தையை அடித்தார்கள். அதை அவர் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்ததும் அதிகாரிதான். அவளைப் போக விடவில்லை.

விசாரணையின்போது அதிகாரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் நின்றார். செவ்வாய்க்கிழமை எழுதிய இரண்டு வரிகள். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் நம்பவில்லை, சிரிக்கவும் இல்லை. போன வருடத்து எண்களோடு வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். முதல் வரி, எண்பத்தெட்டாம் ஆள். மைக்செட் அண்ணன். பதினாறு எண்களும் அப்படியே.

இரண்டாவது வரிக்கு அரை மணி நேரம் ஆனது. நூற்று நாற்பத்து மூன்றாம் ஆள். பதினாறு எண்களும் அப்படியே. பத்தொன்பது பேரில் அவரும் ஒருவர். அட்டையில் இயல்பு என்றிருந்தது.

"இது யாருன்னு தெரியுமாம்மா?"

அவளுக்கு நினைவில்லை. அதிகாரி பழைய விபத்துக் கோப்பைத் திறந்து ஒரு பக்கத்தை அவள் பக்கம் திருப்பினார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவரின் வாக்குமூலம். ஒரே ஒரு வரி. 'நிறுத்துன்னு அவங்க கத்துனது எனக்குக் கேக்கலை சார்.' அதற்குக் கீழே வேறு யாரோ எழுதியிருந்தார்கள். 'நம்பத்தக்கதல்ல. அட்டைப்படி செவித்திறன் இயல்பு.'

மறுபரிசோதனைக்கு வரச்சொல்லி அவருடைய முகவரிக்குக் கடிதம் போனது. பதிலை அவருடைய அண்ணன் எழுதியிருந்தார். வேலை போனதிலிருந்து தம்பி யாரோடும் பேசுவதில்லை, சாப்பாடும் சரியில்லை, உடம்பு விட்டுப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், இரண்டு வாரம் இருந்தான், இப்போது பரிசோதனைக்கு அனுப்ப ஆள் இல்லை என்று. கூடவே ஆஸ்பத்திரி கொடுத்த மரணச் சான்றின் நகல்.

தேதி, அந்தச் செவ்வாய்க்கிழமை.

நேரம், மதியம் மூன்று மணி பத்தொன்பது நிமிடம்.